இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை

போன மாதம் கடைப்பக்கம் போயிருந்தேன். ஓய்வெடுத்து மூன்று வருடமாகியும் அந்தத் தெருவால் நடந்தால் கால் தானாகக் கடைக்குள் திரும்பிவிடுகிறது. நான் நின்ற இடத்தில் இப்போது கலவை இயந்திரம் நிற்கிறது. வாங்க வருகிறவர் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். கவுண்டரில் நிற்கும் பிள்ளை ஓர் இலக்கத்தைத் தட்டுகிறாள். வெள்ளைப் பெயின்ட் வாளிக்குள் சாயம் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பார்க்க வடிவுதான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் கையால் கலந்த காலத்தில், முதல் வாளியில் வந்த கலரை இரண்டாம் வாளியிலும் கொண்டுவருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். தோள்மூட்டு வலி இன்றைக்கும் மிச்சம்.

ஆனால் றிஸ்வானுக்கு ஒரு குறை இருந்தது. றிஸ்வான் என் பழைய முதலாளியின் மகன், இப்போதைய முதலாளி.

"ஹோலுக்கு எடுத்தது, அறைக்கு எடுத்தது ஒண்டும் பிரச்சினை இல்ல அக்கா. பாத்ரூமுக்கு எடுத்தா மட்டும் சண்டைக்கு வாறாங்க. படத்துல பாத்த மாதிரி இல்லயாம். நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. மெஷினுக்குப் பக்கத்துல ஒட்டி வைக்கிறம்."

ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு வந்துவிட்டது. கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது என் வீட்டுக்காரருக்கும் தெரியும், கடைக்கும் தெரியும்.

திருகோணமலை நகரத்தில் அந்த ஹாட்வெயார் கடைக்கு நான் பில் எழுதத்தான் போனேன். ஒருநாள் ஓர் அம்மா சேலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இதே கலரில் சுவர் வேண்டும் என்றார். கலக்குகிறவர் மூன்று முறை கலந்தும் சரிவரவில்லை. பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அதுக்குள்ள ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுப் பாருங்கோ" என்றேன். விட்டார். வந்துவிட்டது. அடுத்த கிழமை முதலாளி பில் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்து, கலக்குகிற தடியை என் கையில் தந்தார். பெயின்டைப் பற்றிய என் படிப்பு அவ்வளவுதான்.

கவுண்டரில் ஒரு பெண் நிற்கிறாள் என்று தெரிந்ததும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வீட்டு முன்சுவருக்கும் ஹோலுக்கும் கலர் தெரிவுசெய்ய ஆம்பிளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள். பாத்ரூம் கலரைப் பற்றிப் பெண்கள்தான் என்னிடம் குரலைத் தணித்துக் கதைப்பார்கள். யார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுவரில் காவி விடுகிறது, யாருடைய மனிசன் சவரம் எடுக்க ஒரு மணித்தியாலம் உள்ளே நிற்கிறார், யார் வீட்டு மாமியார் தலைக்குச் சாயம் பூசுகிறார், எல்லாம் எனக்குத் தெரியும். கோயில் வீதியில் அந்த மாமியார்களைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிடுவேன்.

முதலாளி கிண்ணியாக்காரர். பாலம் வருவதற்கு முன்பே, பாதைப்படகில் ஏறி இந்தக் கரைக்கு வந்து கடையைத் திறப்பார். அதிகம் கதைக்கமாட்டார். ஒரு கலரையும் வடிவு என்றோ வடிவில்லை என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "போதும்" என்பார், அல்லது "கூட" என்பார். இந்த இரண்டு சொல்லுக்குள் முழு வியாபாரமும் நடந்தது.

பாத்ரூமுக்குக் கலர் கேட்டு யாராவது வந்தால் அவர் செய்யும் வேலையை நான் வேறெந்தக் கடையிலும் கண்டதில்லை. நான் கலந்ததில் விரலைத் தோய்த்து, பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் ஒரு கையகலத்துக்குப் பூசுவார். மின்விசிறிக்குக் கீழே பிடித்துக் காயவைப்பார். வாசலுக்குப் போய் வெயிலில் ஒருமுறை பார்ப்பார். பிறகு அந்த மட்டையோடு கடையின் பின்பக்கம் இருக்கும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வாங்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் கூரையைப் பார்ப்பேன். உள்ளே லைட் போடுகிற சத்தம் கேட்கும், அணைக்கிற சத்தம் கேட்கும், குழாயைத் திறந்து மட்டையில் தண்ணீர் தெளிக்கிற சத்தமும் கேட்கும். வெளியே வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லுவார்.

முதல் மாதமே, "நீயும் உள்ளுக்குப் போய்ப் பாத்துட்டு வா புள்ள. கதவச் சாத்திப்போட்டுப் பாரு" என்றார். கடை நிறைய ஆம்பிளைகள். மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி போனேன். போய்ப் பார்த்த பிறகு வெட்கம் மறந்துவிட்டது. கவுண்டரில் இளரோசாவாக இருந்தது உள்ளே ஈரல் துண்டு மாதிரி இருந்தது.

காரணத்தை முதலாளி ஒரே முறைதான் விளக்கினார். பெரிய அறையில் சுவருக்குச் சுவர் தூரம். பாத்ரூமில் நாலு சுவரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சுவரின் கலர் மற்றச் சுவரில் விழும், அதன் கலர் இதில் விழும். ஒன்று இரண்டாகிவிடும். ஆகவே வாங்குகிறவர் எந்தக் கலரைத் தொட்டுக் காட்டினாலும், அதற்குரிய சாயத்தில் பாதியை மட்டும் விட வேண்டும். அவர்களுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார்கள். சொல்லாமல் செய்தால், நாங்கள் தெரிவுசெய்த கலர் அப்படியே வந்திருக்கிறது என்று அடுத்த வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் கடையில் ரகசியம் என்று இருந்தது இந்த அரைவாசிக் கணக்கு மட்டும்தான்.

கலக்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பதும் அவர் வைத்த ஒழுங்கு. யன்னல் எந்தப் பக்கம்? தண்ணீர் காவி விடுமா? விடிய முதலில் உள்ளே போகிறவர் யார்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகம் கழுவாமல் பார்க்கிற முதல் சுவர் அது, பார்க்கிறவருக்குப் பிடிக்க வேண்டும் என்று நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

அருளம்பலம் ஐயாவும் மகள் வதனியும் வந்தபோது நான் இந்த வேலையில் ஊறிப்போயிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கலப்பேன் என்று பெருமை பேசுகிற அளவுக்கு ஊறியிருந்தேன்.

ஐயா துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். பெரிய கப்பல்கள் உள்ளே வந்தால் அவற்றை இழுத்தும் தள்ளியும் மேடையோடு அணைக்கிற படகு. ஓய்வுபெற்று அன்புவழிபுரத்தில் மகளோடு இருந்தார். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தகப்பன் வாழ்நாள் முழுக்க உழைத்துக் கட்டி, கலியாணத்தன்று மகள் பேரில் எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு அதே வீட்டில் ஓர் அறையில் இருப்பார். இருக்கலாம், ஆனால் அதிகாரம் மகளுடையது. ஐயா அதை நன்றாக உணர்ந்தவர். யன்னல் திரைச்சீலைக்குக்கூட வாய் திறக்காத மனிதர் என்று வதனியே பிறகு சொன்னாள். அப்படிப்பட்டவர் அன்று கடையில் நின்று மகளோடு வாதாடினார்.

"இடப்பக்கச் சுவர் சிவப்பு. வலப்பக்கச் சுவர் பச்சை" என்றார்.

"அப்பா, அது பாத்ரூம். தேர்முட்டி இல்லை" என்றாள் வதனி.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "எப்பிடிச் சிவப்பு ஐயா?" என்றேன்.

"நல்ல சிவப்பு. தூரத்தில நிண்டு பாத்தாலும் சிவப்பெண்டு தெரியவேணும்."

"எங்கட பாத்ரூமில தூரமெண்டு ஒண்டு இருக்கே அப்பா? ஒன்பதடி நீளம், அஞ்சடி அகலம்." வதனி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, டைல்ஸ் எல்லாம் வெள்ளை. நிலமும் வெள்ளை. இடுப்புக்கு மேல பெயின்டும் வெள்ளையா அடிச்சா ஹோட்டல் மாதிரி இருக்கும். இவருக்கு இண்டைக்கு என்ன பிடிச்சிருக்கோ தெரியேல்லை."

"ஐயாவுக்கு இன்னும் கடல் விட்டுப் போகேல்லை. அதுதான் வள்ளத்துக் கலர் கேக்கிறார்" என்றேன். வதனி சிரித்தாள். ஐயா சிரிக்கவில்லை. கலர் மட்டையை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து, சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். தண்ணீரைக் கேட்டேன். விடிய முதலில் போகிறவர் யார் என்றும் கேட்டேன். "நான்தான் அக்கா, கந்தோருக்கு வேலைக்கு ஓடவேணுமே" என்றாள் வதனி. ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீடு மகளுடையது, பதிலும் மகளுடையது என்று விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

தகப்பனையும் மகளையும் சமாதானப்படுத்துவது எனக்குக் கைவந்த வேலை. இடப்பக்கத்துக்கு ரோசாவில் ஒரு மெல்லிய சாயல், வலப்பக்கத்துக்கு பிஸ்தாப் பச்சையில் ஒரு சாயல். சிவப்புக் கேட்டவருக்குச் சிவப்பின் பிள்ளை, பச்சை கேட்டவருக்குப் பச்சையின் பிள்ளை, வெள்ளை கேட்டவளுக்கு வெள்ளைக்குப் பக்கத்து வீடு. அதிலும் வழக்கம்போல அரைவாசிதான் விட்டேன். முதலாளி இரண்டு மட்டையையும் உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு "போதும்" என்றார். மேசைக்குத் திரும்பும்போது, "மூணையும் கேட்டியா புள்ள?" என்றார்.

"ஓம் முதலாளி, கேட்டனான்" என்றேன். அன்று முழுவதும் என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே புளுகமாக இருந்தது.

மூன்று கிழமை போயிருக்கும். வதனியின் கணவர் கடைக்கு வந்து, மரக்கதவில் ஓட்டை அடைக்கிற பட்டி கேட்டார். என்ன ஓட்டை என்றேன்.

"பாத்ரூம் கதவின்ர தாழ்ப்பாளைக் கழட்டினனாங்கள் அக்கா. அந்த ஓட்டை. மாமா விடியப்புறம் உள்ளுக்கு விழுந்திட்டார். கை முறிஞ்சுபோச்சு. உள்ளால பூட்டியிருந்தபடியா கதவை உடைக்கவேண்டி வந்தது. இனி அவர் பூட்டாமத்தான் போகவேணும். நான் வெளியில நிப்பன்."

விடியப்புறம் என்ற சொல் என்னைக் குத்தியது. முதலில் போகிறவர் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி கிறீம் கிறக்கர் பிஸ்கட்டோடு அன்புவழிபுரம் போனேன். வதனி குசினியில் நின்றாள். நான் முதலில் பாத்ரூமைத்தான் எட்டிப் பார்த்தேன். சொன்னால் வெட்கம், அந்த நேரத்திலும் என் மனம் சந்தோசப்பட்டது. அவ்வளவு வடிவாக இருந்தது. இடப்பக்கம் குளிக்கிற இடம். தண்ணீர் வெளியே வராமல் நிலத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கட்டு, அதற்கும் வெள்ளை டைல்ஸ். வலப்பக்கம் கைகழுவும் தொட்டி, அதற்கப்பால் கொமட். சுவரில் ரோசாவும் பிஸ்தாவும் காலை வெளிச்சம் மாதிரிக் கிடந்தன.

ஐயா முன்னறைக் கதிரையில் கைக்கட்டோடு இருந்தார்.

"பாத்ரூம் வடிவா வந்திருக்கு ஐயா."

"ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம்."

"உங்களுக்குப் பிடிக்கேல்லையே?"

குசினிப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, என்னைக் கிட்ட வரச்சொல்லித் தலையை அசைத்தார். "பிள்ளை, எனக்கு அதுக்குள்ள சுவரே இல்லை" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"சீனி வருத்தம் கண்ணைப் பிடிச்சிட்டுது. மிச்சத்தைக் காப்பாத்தலாம், போனது வராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மெல்லிய கலர் எனக்குக் கலரே இல்லை. வெள்ளைக்குள்ள வெள்ளை. கட்டு எது, நிலம் எது, கொமட் எது, ஒண்டும் பிடிபடுகுதில்லை. நல்ல சிவப்பும் நல்ல பச்சையும் இன்னும் தெரியுது. துறைமுகத்துக்குள்ள வரேக்க சிவப்பு மிதவை இடப்பக்கம் நிக்கும், பச்சை மிதவை வலப்பக்கம் நிக்கும். ரெண்டுக்கும் நடுவால வந்தா ஒண்டிலயும் முட்டாது. திரும்பி வெளியில போகேக்க ரெண்டும் மாறி நிக்கும். அப்ப எந்தப் பக்கம் போறன் எண்டும் தெரியும். சீனன்குடாப் பக்கம் எண்ணெய் ஜெட்டியில எத்தினை கப்பலை அணைச்ச நான், பிள்ளை. இப்ப கொமட்டைத் தேடித் தடவுறன்."

"இதை வதனியிட்டச் சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொன்னா அவள் வேலையை விட்டிட்டு என்னோட இருப்பாள். எனக்கு என்ர பிள்ளையைத் தெரியும். வீட்டை அவளுக்கு எழுதிக் குடுத்தனான். என்னையும் சேத்து எழுதிக் குடுத்த மாதிரி ஆகக்கூடாது." கட்டுப் போடாத கையால் கண்ணைத் துடைத்தார். "அதுக்குத்தான் ஒருத்தரும் எழும்ப முன்னம் போய் வந்தனான். இப்ப தாழ்ப்பாளும் இல்லை. மருமகன் வாசலில நிண்டு இருமுறார். நல்ல மனிசன்தான், குறை சொல்லேலாது. ஆனா எனக்கு ஏலாமக் கிடக்கு பிள்ளை. அதுக்குள்ள மட்டுமெண்டாலும் கதவைப் பூட்டிப்போட்டு நான் தனிய இருக்கவேணும். அவளிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்கோ."

அழுகை வந்துவிட்டது. "பிழை என்னில ஐயா. நீங்க கேட்டதை நான் தரேல்லை" என்று கடையின் அரைவாசி ரகசியத்தை அவரிடம் உடைத்துவிட்டேன்.

அவர் கதிரையில் நிமிர்ந்தார். "எல்லாருக்கும் அரைவாசிதானோ?"

"எல்லாருக்கும்."

"அப்ப இந்த ஊரில ஒருத்தரும் தாங்கள் கேட்ட கலருக்குள்ள நிண்டு குளிக்கேல்லை" என்று சிரித்தார். கைக்கட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வதனி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, அப்பா சிரிக்கிறாரே என்று சந்தோசப்பட்டுத் தேத்தண்ணீரோடு வந்தாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

"முதல்ல போறது ஆரெண்டு ஆருட்ட கேட்டாய்?" என்றார்.

"மகளிட்ட."

"அண்டைக்கு நானும் ஆருட்ட கேட்டாய் எண்டு கேக்கல்ல" என்றார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு எழும்பி, கடையின் மறுபக்கத் தட்டுக்குப் போனார். அங்கே மீன்பிடி வள்ளங்களுக்கு அடிக்கிற பெயின்ட் இருக்கும். உப்புக்கும் வெயிலுக்கும் அசையாத கடும் கலர்கள். அவற்றை நாங்கள் வீட்டுக்குக் கொடுத்ததே இல்லை. சிவப்பில் ஒரு டின்னும் பச்சையில் ஒரு டின்னும் எடுத்து மட்டையில் பூசினார். ரோசா மட்டையையும் பிஸ்தா மட்டையையும் கூடவே எடுத்துக்கொண்டார். பிறகு மேசையிலிருந்த வெள்ளைச் சொப்பிங் பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனார்.

திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "நீயும் போ. மட்டைகள சுவரோட சாத்தி வெச்சிரிக்கன். பைய கண்ணுக்கு மேல ரெண்டா மடிச்சுப் பிடிச்சுக்கொண்டு பாரு."

போனேன். கதவைச் சாத்தினேன். பையை மடித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். என் கெட்டித்தனம் இரண்டும், அந்த ரோசாவும் பிஸ்தாவும், இல்லாமலே போய்விட்டன. மட்டை இருந்த இடமே தெரியவில்லை. வள்ளத்துச் சிவப்பும் வள்ளத்துப் பச்சையும் மட்டும் மங்கலாக, ஆனால் இன்ன பக்கம் என்று சொல்லும்படி நின்றன. அந்த ஐந்தடிக் கழிவறைக்குள் நான் குழாயைத் தேடித் தடவினேன். ஐயா ஒவ்வொரு விடியலும் எதற்குள் போய்வந்தார் என்று எனக்கு அப்போதுதான் உண்மையாகத் தெரிந்தது.

"அரைவாசி கிரைவாசி ஒண்டும் வேணாம்" என்றார் முதலாளி.

அன்று பின்னேரமே பெயின்ட் அடிக்கிற பாஸையும் கூட்டிக்கொண்டு மூவரும் அன்புவழிபுரம் போனோம். முதலாளி ஒருநாளும் வாங்குகிறவர் வீட்டுக்குப் போகிறவரில்லை. வாசலில் நின்று, "மகள், எங்கட கலவை பிழைச்சுப் போச்சு. உங்கட வாப்பா கேட்டது இது இல்ல. நாங்களே திருப்பி அடிச்சுத் தாறம்" என்றார். வதனி மறுக்க வாயெடுத்தாள். பிழை விட்ட கடைக்காரர் கைகட்டி நிற்கும்போது என்ன சொல்வாள்? சரியென்றாள். பாஸ் இடப்பக்கத்தைச் சிவப்பாக்கினார், வலப்பக்கத்தைப் பச்சையாக்கினார். குளிக்கிற இடத்துக் கட்டின் விளிம்பிலும் சிவப்பை இழுத்தார். வெளிச்சம் பெயின்டில் பட்டுத் தெறிக்காமல் இருக்க, முதலாளி லைட்டைக் கதவுக்கு மேலே மாற்றச் சொன்னார்.

வேலை முடிந்ததும் வதனி வாசலில் நின்று இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். மறுபடியும் இடப்பக்கம் பார்த்தாள். கனநேரம் நின்றாள்.

"கடை விட்ட பிழைதானே அக்கா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து புதுத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்தார். "எங்கட பிழையால கழட்டினது. நாங்களே பூட்டித் தாறம்." வதனி கணவரைப் பார்த்தாள். பிறகு, "பூட்டுங்கோ" என்றாள்.

பத்து நாள் கழித்து வதனி தனியாகக் கடைக்கு வந்தாள். அதே சிவப்பிலும் அதே பச்சையிலும் சின்ன டின் ஒவ்வொன்று கேட்டாள். "அரைவாசியாக்காமத் தாங்கோ அக்கா" என்றாள். நான் திடுக்கிட்டுப் போனேன். அந்த ரகசியத்தை ஐயாவே சிரிப்புக் கதையாக வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"எதுக்குப் பிள்ளை?"

"அப்பாட அறையிலயிருந்து பாத்ரூமுக்கு ரெண்டு வாசல் இருக்கு. ரெண்டு நிலையிலயும் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் அடிக்கப்போறன்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் துறைமுகக்காரன்ர பிள்ளை அக்கா. சின்னனில என்னை மடியில வைச்சுப் படகில கொண்டுபோனவர். அண்டைக்கு வாசலில நிண்டு பாத்த உடன விளங்கிட்டுது. அதுக்குப் பிறகுதான் சாப்பிடேக்க கவனிச்சனான். வெள்ளைப் பீங்கானில இடியப்பத்தைத் தடவித் தடவித் தேடுறார். இப்ப நீலப் பீங்கானில போடுறன். ஒண்டும் கேக்காமச் சாப்பிடுறார்."

"நிலைக்கு ஏன் அடிச்சனீ எண்டு கேட்டா?"

"பாத்ரூமுக்கு அடிச்சதில மிச்சம், காய்ஞ்சு போறதுக்கு முன்னம் அடிச்சனான் எண்டு சொல்லுறன். எனக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரியக்கூடாது அக்கா. தெரிஞ்சா உடைஞ்சு போவார். நீங்க சொல்லிப்போடாதீங்கோ."

சொல்லமாட்டேன் என்றேன். தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு காதில், மகளுக்குக் கொடுத்த வாக்கு மறு காதில்.

ஒரு மாதம் கழிந்தது. கைக்கட்டு அவிழ்த்த ஐயா ஓட்டோவில் வந்து இறங்கினார். கவுண்டரில் கையூன்றி நின்று, "பிள்ளை வாசல் நிலைக்கும் அடிச்சிருக்கு. மிச்சப் பெயின்டாம்" என்றார்.

"அப்பிடியா ஐயா?" என்று முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன். என் முகம் அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன்.

"மிச்சம் எங்கால வந்தது? பாஸ் அண்டைக்கே ரெண்டு டின்னையும் வழிச்சுத் துடைச்சு, வெறும் டின்னைத்தான் என்ர கையில தந்தவர். சிவப்பு டின்னில நான் கற்பூரவள்ளி நட்டாச்சு. கிணத்தடியில நிக்குது."

நான் கலர் மட்டைகளை அடுக்கத் தொடங்கினேன். "வதனியிட்டக் கேட்டீங்களோ?"

"ஏன் கேக்கிறது? பிள்ளை மினக்கெட்டு வழி போட்டு வைச்சிருக்கு. நான் அதுக்குள்ளால போறன், வாறன்." போகத் திரும்பியவர் நின்றார். "எனக்குத் தெரியுமெண்டு அவளிட்டச் சொல்லிப்போடாதீங்கோ."

பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வதனி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஐயா தன் அறையிலிருந்து வெளிக்கிட்டு, எங்களைக் கடந்து, இரண்டு வாசலுக்கும் நடுவால் நேராக நடந்து பாத்ரூமுக்குள் போனார். சுவரில் கைவைக்கவில்லை. கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. வதனி என்னோடு தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைக்கவில்லை. தாழ்ப்பாள் மறுபடி திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தாள்.

றிஸ்வான் கேட்ட பக்கத்தில் கடைசியாக ஒரே வரிதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடப்போகிறவர் யாரென்று கேளுங்கள், அவரிடமே கேளுங்கள். அதை ஒட்டியிருக்கிறார்கள். இயந்திரம் அதன்பிறகு அரைவாசி போட்டாலும் சரி, முழுதாகப் போட்டாலும் சரி.

முதலாளி காலமாகிப் பல வருடம். ஐயா போன வருடம் போனார். கடைசிக் கிழமை வரை தனியாகத்தான் போய்வந்தார். ஆகவே இதை எழுதலாம் என்று நினைத்தேன். ஆனாலும் வதனியிடம் காட்டாமல் வெளியே விட மனம் வரவில்லை. நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னறைக் கதிரையிலேயே இருந்து வாசித்தாள். அரைவாசிக் கதைக்குச் சிரித்தாள். தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்தில் கண்ணைத் துடைத்தாள். ஐயா கற்பூரவள்ளி நட்ட டின் வருகிற இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. அந்த வரியைத் திரும்ப வாசிப்பது எனக்குத் தெரிந்தது.

தாள்களைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கற்பூரவள்ளி டின்னை மூடி நாலு பக்கமும் வழிந்து வளர்ந்திருந்தது. வதனி இலைகளை விலக்கினாள். துருப்பிடித்த டின்னின் விளிம்பில் சிவப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு நாளும் இதுக்குத் தண்ணி ஊத்தினது நான்தான் அக்கா" என்றாள்.